சல்வீனியாக் குளத்துக்கு ஒரு வாளி சல்வீனியா

கண்ணால் காணாத ஒரு பூச்சியைப் பற்றி நான் பேப்பரில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். கண்டவன் அவ்வளவு உறுதியாக எழுதியிருக்கமாட்டான். தலைப்பேன் அளவில் ஒரு கறுப்பு வண்டு. குளங்களின் மேல் பச்சைக் கம்பளமாய் மிதந்து படரும் சல்வீனியா என்ற பூண்டைத் தவிர உலகத்தில் வேறொன்றையும் வாயில் வைக்காது என்று ஓர் இங்கிலீசுப் புத்தகத்தில் படித்திருந்தேன். கொழும்பில் ஒரே சைவக்கடையில் காலமெல்லாம் சாப்பிட்டு வரும் என் மாமனார்கூட எப்போதாவது பக்கத்துக் கடைக்குள் நுழைந்து அகப்பட்டிருக்கிறார், இந்த வண்டு அகப்பட்டதே இல்லை என்று எழுதினேன். அத்தோடு பேனாவை மூடியிருக்கலாம். இப்படியொரு வேலைக்காரன் இருக்கையில் வன்னிச் சனம் இடுப்பளவு தண்ணீரில் நின்று சல்வீனியா அள்ளிக்கொண்டிருப்பது ஏன் என்று கடைசி வரியில் ஒரு கேள்வியும் கேட்டுவைத்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் முற்பகுதி அது. கொழும்புப் பேப்பர் அப்போது வன்னிக்குச் செய்தியாகப் போவதில்லை; சாமான் சுற்றிப் போகும். என் கட்டுரை யாரோ ஒருவரின் தையல் நூல்கட்டையைச் சுற்றிக்கொண்டு, ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு குடியேற்றத் திட்டத்தில் நெல் விதைக்கும் என் தங்கை வசந்தியின் புருஷன் நடேசன் கையில் போய்ச் சேர்ந்தது. நடேசன் அங்கே விவசாயிகள் சங்கத்துக்குச் செயலாளர். எழுத்தில் இருப்பதை நம்புகிற மனிதர். சங்கக் கூட்டத்தில் அதைச் சத்தமாக வாசித்திருக்கிறார்.

வன்னியிலிருந்து பயணப் பாஸ் எடுத்துக் கொழும்பு வந்த ஒருவர் என் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி செய்தியைச் சொன்னார். “பூச்சியை எப்ப கொண்டுவாறியள் எண்டு நடேசன் கேட்டுவரச் சொன்னவர். தீர்மானம் நிறைவேத்தியாச்சு. தேவானை எண்டு ஒரு மனிசி, குளத்திலை வலை போடுறவ, உங்களுக்காகப் பிள்ளையாருக்கு நேர்த்தியும் வைச்சிட்டா.”

இந்தத் தேவானையை எனக்குத் தெரியாது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள், அந்தக் குளத்து மீனில்தான் மூன்று வயிறும் என்று வந்தவர் விளக்கினார். இப்போது குளம் முழுவதும் சல்வீனியா. வலையை வீசினால் கம்பளத்தின் மேல் விரித்த பாய் மாதிரி அப்படியே கிடக்குமாம். மாரி முடிவதற்குள் குளம் தெளியாவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது கூலிக்குப் போகப்போகிறாளாம். நான் எழுதிய பகிடிக்கு ஒருத்தி நேர்த்தி வைத்திருக்கிறாள். பின்வாங்க வழியில்லை.

குருநாகல் பக்கத்தில் விவசாயத்தோடு புழங்கும் பழைய வகுப்புத் தோழன் பியசேன, வண்டு விட்டிருந்த ஒரு குட்டையைக் காட்டினான். அங்கேதான் என் கட்டுரையின் நாயகனை முதன்முதலாகச் சந்தித்தேன். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி, கடைசியில் ஓர் இலையின் முதுகில் ஒரு புள்ளி நடப்பதைக் கண்டேன். வண்டைத் தனியாகக் கொண்டுபோக முடியாது, அது இருக்கும் சல்வீனியாவோடு தூக்கிக்கொண்டு போ என்று சிங்களத்தில் சொன்னான் பியசேன. பழுத்துக் கருகிப் பழுப்பேறிய செடிதான் நல்லது. புழு தண்டுக்குள் குடைந்துகொண்டிருக்கும். போய்ப் பச்சைச் செடிகளோடு மிதக்க விடு, பிறகு தொடாதே. தொடாதே என்பதை இரண்டு தரம் சொன்னான்.

ஆக, சல்வீனியாவால் மூடிக்கிடக்கும் ஒரு குளத்துக்கு, ஒரு வாளி சல்வீனியாவை, அதுவும் அழுகினதை, நான் பஸ் ஏறிக் கொண்டுபோனேன்.

வவுனியா வரைக்கும் உள்நாட்டுப் பயணம். தாண்டிக்குளம் சோதனைச் சாவடியோடு வெளிநாடு தொடங்குகிறது. கடவுச்சீட்டுக்குப் பதில் பாஸ், சுங்கத்துக்குப் பதில் ஆமிக்காரர். பற்றரி, சீமெந்து, மண்ணெண்ணெய், சவர்க்காரம் என்று கொண்டுபோகக் கூடாதவை ஏராளம். சல்வீனியாவை யாரும் தடை செய்திருக்கவில்லை. அதுதான் சிக்கல். தடை செய்யாத ஒன்றை ஒரு மனிதன் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தால் அதற்குள் வேறேதோ இருக்கவேண்டும் என்று எந்த ஆமிக்காரனும் நினைப்பான்.

“இது என்ன?” என்று சிங்களத்தில் கேட்டான் சாவடியில் நின்றவன்.

சொன்னேன்.

“சல்வீனியா தெரியும். எங்கள் ஊர்க் குளத்திலும் கிடக்கிறது. அந்தப் பக்கம் இல்லையா?”

“நிறைய இருக்கிறது.”

“அப்படியானால் ஏன் கொண்டுபோகிறாய்?”

உயிரியல் முறைக் களைக்கட்டுப்பாட்டை என் சந்தைச் சிங்களத்தில் விளக்கினேன். பாதியில் அவன் வாளியைச் சீமெந்துத் தரையில் கவிழ்த்துவிட்டான். நான் முழங்காலில் நின்று ஒவ்வோர் இலையாகப் பொறுக்கினேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்: “பாவம், கீரைக்காரர். எல்லாம் வாடிப்போச்சு.” மற்றவள் விடவில்லை: “ஆரடி இந்தக் கீரையை வாங்குவா? ஆட்டுக்குப் போட்டாலும் முகத்தைத் திருப்பும்.” ஆமிக்காரன் கடைசியில் இரக்கப்பட்டுத் தன் சப்பாத்தின் நுனியால் ஒரு செடியை என் பக்கம் தள்ளிவிட்டான். “உள்ளே பூச்சி இருந்தால் எங்கள் ஊருக்கும் ஒரு வாளி கொண்டுவா” என்றான். அந்தப் பயணம் முழுவதிலும் என்னை நம்பிய ஒரே மனிதன் அவன்தான்.

அந்தப் பக்கத்தில், இயக்கத்தின் சாவடியில், சுருக்கமாக முடிந்தது. “கடிக்குமோ?” “கடிக்காது.” “அப்ப போங்கோ.”

பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் பஸ். வன்னியில் அப்போது பெற்றோல் என்பது வாசனை பிடிக்க மட்டும். எஞ்சினுக்கு இரண்டு சொட்டு விட்டு உசுப்பிவிட்டால் மிச்சத்தை மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். உள்ளே இருந்த நாங்கள் எல்லாரும் புகை மண்டிய குசினியில் அடைபட்டவர்கள் மாதிரி இருமினோம். பக்கத்தில் இருந்த பெரியவர் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, சல்வீனியா இலங்கைக்கு வந்த வரலாற்றைச் சொன்னார். உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் வேண்டுமென்றே குளங்களில் போட்டதாம். மேலேயிருந்து பார்க்கிற ஜப்பான்காரன் புல்வெளி என்று நினைத்துப் பிளேனை இறக்கி முழுகிப்போவானாம். “எத்தினை பேர் முழுகினவை?” என்று கேட்டேன். “ஒருத்தரும் இல்லை. ஆனா எருமை கனக்க முழுகினது” என்றார். நம்புவதா விடுவதா என்று தெரியாத கதைகளில் இந்த மாதிரிக் கடைசி வரிதான் ஆளை விழுத்துகிறது.

நெடுங்காட்டு நடுவில் பஸ் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. நான் இறங்கி ஒரு மரத்தடிக்குப் போய்த் திரும்புவதற்குள் சாரதி என் வாளியைச் சரித்து ரேடியேற்றருக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணை! அதுக்குள்ளை வண்டு!”

“பயப்பிடாதேங்கோ மாஸ்டர், சாரத்தாலை வடிச்சுத்தான் ஊத்தினனான். எஞ்சினுக்கு ஒண்டும் ஆகாது.”

எஞ்சினைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? அவருடைய சாரத்தை விரித்து, மடிப்பு மடிப்பாகத் தேடிச் செடிகளை எடுத்தேன். பயணிகள் சுற்றி நின்று பார்த்தார்கள். கடைசியில் பெரியவர்தான் எங்கேயோ ஒரு மோட்டையில் போய்த் தண்ணீர் மொண்டு வந்து தந்தார். நன்றி சொன்னேன். “யானை நிக்குது, கெதியா ஏறுங்கோ” என்றார் அவர். யானை நிற்கிறதா என்று பார்க்க நான் நிற்கவில்லை.

வசந்தி சாப்பாடு போட்டபோது வெட்கப்பட்டுக்கொண்டே போட்டாள். சிவப்பரிசிச் சோறு, மரவள்ளிக்கிழங்குக் கறி, எருமைத் தயிர், காய்ந்த கருவாட்டுத் துண்டு ஒன்று. “குளத்துக் கரையிலை இருந்துகொண்டு கருவாடு தின்னுறம் அண்ணா. முந்தி ஜப்பான் மீன் துடிக்கத் துடிக்கக் கொண்டுவந்து தருவா தேவானை.” ஜப்பான் மீன் என்று அவர்கள் சொல்வது திலாப்பியா. அதன் பூர்வீகம் ஆபிரிக்கா. ஆபிரிக்காவில் பிறந்து, ஜப்பான் என்று பெயர் எடுத்து, வன்னிக் குளத்தில் குடியேறி, தென்னமெரிக்காவிலிருந்து வந்த பூண்டுக்கு அடியில் மூச்சுத்திணறிக்கொண்டிருக்கும் மீன். அதைக் காப்பாற்றத்தான் நான் இன்னொரு தென்னமெரிக்கரைப் பஸ்ஸில் கூட்டி வந்திருந்தேன். இதை நடேசனுக்குச் சொன்னேன். “அப்ப இந்தக் குளத்திலை ஊர்க்காரர் ஆர் மச்சான்?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். அவர் வடக்கே அளவெட்டி, தேவானையின் தகப்பன் மலையகத்தில் அட்டன் பக்கத் தோட்டம், நான் கொழும்பில் வெள்ளவத்தை. தயிரை ஊற்றிப் பிசைந்தேன்.

மறுநாள் காலை குளக்கட்டில் பாதிக் குடியேற்றமும் கூடியிருந்தது. தேங்காய் உடைத்தார்கள். நடேசன் பேசினார். விஞ்ஞானம், விவசாயம், எங்கள் மச்சான் என்று மூன்று தலைப்புகளிலும் பேசினார். நான் வாளியைத் திறந்தேன். சனம் முண்டியடித்து எட்டிப் பார்த்தது. பார்த்தவர்கள் பின்னால் நின்றவர்களுக்கு வழி விட்டார்கள், அவர்களும் பார்த்தார்கள்.

“எங்கை பூச்சி?”

“இந்தா, இந்தப் புள்ளி.”

“இதுவோ? என்ரை மகளின்ரை தலையிலை இதைவிடப் பெரிசாய் ஓடுது.”

“மாடு மாதிரி ஒண்டு வரும் எண்டெல்லோ செயலாளர் வாசிச்சவர்!”

மெலிந்து உயர்ந்த ஒரு பெண் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். தேவானை. வாளிக்குள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு குளத்தைப் பார்த்தாள். கரை தெரியாத பச்சை.

“ஐயா, இது இம்மாத்தையும் தின்னு முடிக்க எம்புட்டு நாளாகுங்க?”

“பெருகவேணும். ஒரு வருஷம், அதுக்குக் கொஞ்சம் கூடவும் ஆகலாம்.”

“ஒரு வருஷமா?” என்றாள். “சரிங்க. அது சல்வீனியா தின்னட்டும். அது வரைக்கும் நாங்க என்னத்தைங்க தின்னுறது?”

எனக்குத் தெரிந்த இங்கிலீசுப் புத்தகம் எதிலும் அந்தக் கேள்வி வரவில்லை. நடேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதுவரை அவளுக்கும் பெரிய மகளுக்கும் தன் வயலில் களை பிடுங்கும் வேலை இருக்கிறது என்றார். தேவானை தலையாட்டினாள். வலைக்காரிக்கு வயல் வேலை என்பது பஸ் சாரதியை மாட்டு வண்டியில் ஏற்றிவிடுவது மாதிரி என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. துருசு என்கிற மதகுக்குப் பக்கத்தில், தண்ணீர் பாயும் வாயிலிருந்து சற்றுத் தள்ளி, அலை அடிக்காத ஒரு மூலையில் வாளியைக் கவிழ்த்தேன். பழுப்புச் செடிகள் பச்சைக்குள் ஒரு வட்டமாக மிதந்தன. தொடவேண்டாம் என்று எல்லாரிடமும் சொன்னேன். பியசேன சொன்ன மாதிரியே இரண்டு தரம் சொன்னேன்.

என்னுடைய பிழை, பூச்சியைத் தொடவேண்டாம் என்று சொன்னது. செடியைத் தொடவேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தக் குடியேற்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. குளத்து வேலை என்றால் வீட்டுக்கு ஓராள் கேளாமலே வரவேண்டும். வராதவர் வீட்டுக் கலியாணம் செத்தவீட்டுக்குப் போகும்போது சனம் முகம் கொடுத்துக் கதைக்காது. மூன்றாம் நாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது குளக்கட்டுப் பக்கம் ஒரே ஆரவாரம். கொழும்பிலிருந்து வந்த ஆள் காகம் மாதிரி கிணற்றடியில் குளிக்கிறார், அவருக்குக் குளத்தில் நல்ல குளிப்பு ஒன்று குடுக்கவேண்டாமா என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. வீட்டுக்கு ஓராளாக இறங்கிவிட்டார்கள். குளிக்க வசதியான இடம் எது? துருசடிதான். அங்கே இருந்த சல்வீனியாவில் எது முதலில் போகவேண்டும்? கருகி, பழுப்பேறி, பார்க்கவே அருவருப்பாய் இருந்த அந்த வட்டம்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது மூலை கண்ணாடி மாதிரித் துலங்கியது. எல்லாரும் நெஞ்சளவு தண்ணீரில் நின்று எனக்காகப் பெருமையோடு சிரித்தார்கள்.

“இறங்குங்கோ ஐயா! குளியுங்கோ!”

“செடி எங்கை?”

“அந்த அழுகலோ? அது உங்கட காலிலை படக்கூடாது எண்டு முதலிலையே அள்ளிப் போட்டம். மற்றதையும் அள்ளிப் போட்டனாங்கள்.”

“அதுக்குள்ளைதான் பூச்சி!”

பிறகு ஒருவர் மெல்லக் கேட்டார்: “பூச்சி தண்ணிக்குள்ளை நீந்திப் போயிருக்காதோ?”

நான் அழவேண்டியவன். கத்தினேன். சனத்துக்கு முன்னால் ஒருநாளும் கத்தாதவன், புத்தகம் படிக்கிறவன், பகிடி எழுதுகிறவன், வாயில் பற்பசை நுரையோடு நின்று, உதவி செய்த மனிதர்களைப் பார்த்துக் கத்தினேன். ஒருவரும் கோபிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது. வீட்டுக்கு ஓராளாக இறங்கியவர்கள் வீட்டுக்கு ஓராளாகவே ஏறி, நடேசனின் வாழைக்கு அடியில் குவித்திருந்த குவியலுக்கு என்னைக் கூட்டிப் போனார்கள்.

அங்கே வசந்தியின் கோழிகள் ஏற்கெனவே வந்திருந்தன. குவியலைச் சீய்த்துச் சீய்த்து, கொத்திக் கொத்தி, மிகவும் திருப்தியாக இருந்தன. நான் புத்தகத்தில் படித்த உணவுச் சங்கிலியில் கோழி வரவில்லை. ஆனால் சங்கிலி என்று சொல்வதே பிழை என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியது. அது கலியாண வீட்டுக் கதிரை வரிசை. ஒருவரை எழுப்பினால் அந்தக் கதிரையில் யார் வந்து இருப்பார் என்று எழுப்பினவனுக்கும் தெரியாது.

தேவானைதான் முதலில் கோழிகளை விரட்டினாள். பிறகு குந்தி, வலையில் சிக்கிய குஞ்சு மீனைப் பிரித்து எடுக்கிற விரல்களால் பழுப்புச் செடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவளோடு எல்லாரும் குந்தினார்கள். பொறுக்கினதை ஓலைக் கடகத்தில் போட்டு, அள்ளி எறிந்த குளத்துக்கே திரும்பக் கொண்டுபோனோம். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று பார்த்தார்.

“என்ன, பிடுங்கினதைத் திரும்ப நடப்போறியளோ?”

“ஓம்” என்றார் நடேசன். “இவர் கொழும்பிலை இருந்து வந்து சொல்லித் தந்தவர்.”

இந்த முறை நடேசன் தடி நாட்டிக் கயிறு கட்டி, அதில் ஒரு சிவப்புத் துணியையும் தொங்கவிட்டார். “இனி ஒரு குருவியும் கிட்ட வராது” என்றார். உண்மைதான். அந்தப் பகுதியில் சிவப்புத் துணி என்றால் மிதிவெடி. பின்னேரம் குளிக்க வந்த பெண்கள் துணியைக் கண்டதும் வந்த வழியே திரும்பி, குளத்தைச் சுற்றி அடுத்த கரைக்கு நடந்தார்கள். போகிற வழியெல்லாம் என் பரம்பரையைத் திட்டிக்கொண்டே போனதை வசந்தி எனக்குச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

நாலாம் நாள் நான் புறப்பட்டேன். தேவானை வழியனுப்ப வந்தாள். நேர்த்தியை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். “வெச்சது வெச்சதுதாங்க. பிள்ளையாருக்குப் பூச்சி எம்புட்டு இருக்குதுன்னு தெரியும்” என்றாள். அவள் கையில் களைக்கொத்தி இருந்தது.

இரண்டு மாரி போனபிறகு கண் காட்டுவதற்காக வசந்தி கொழும்புக்கு வந்தாள். கண்ணைப் பற்றிக் கேட்காமல் குளத்தைப் பற்றிக் கேட்டேன்.

“துருசடியிலை தொடங்கிப் பழுத்துப் பழுத்து அடியிலை தாண்டு போச்சு அண்ணா. இப்ப குளம் தெளிஞ்சிட்டுது. இவர் உங்கட பூச்சி எண்டுறார். ஐயர் பிள்ளையார் எண்டுறார். போன மாரிக்குக் குளம் நிரம்பி வான் பாய்ஞ்சதிலை அடிச்சுக்கொண்டு போட்டுது எண்டும் கொஞ்சப்பேர் சொல்லுகினம்.”

“தேவானை?”

“வயலை விட்டிட்டா. திரும்ப வலைதான். முதல் போகம் நல்லாய் பிடிச்சவ, எங்களுக்கும் துடிக்கத் துடிக்கக் கொண்டுவந்து தந்தவ.”

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். மாமனாரையும் கூப்பிட்டேன். எல்லாரும் வந்து இருந்தபிறகு வசந்தியை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“ஆனா இப்ப நீர்க்காகம் வந்து அடையுது அண்ணா. சல்வீனியா மூடிக் கிடக்கேக்கை அதுகளுக்கு மீன் தெரியாது, வாறதுமில்லை. இப்ப தண்ணி தெரியுதெல்லோ, விடியமுதலே கூட்டம் கூட்டமாய் வந்து விழுந்து எல்லாத்தையும் பிடிச்சிட்டுது. தேவானை வெறும் வலையைத்தான் இழுக்கிறா. உங்களட்டை ஒண்டு கேட்டுவரச் சொன்னவ.”

“என்னவாம்?”

“‘ஐயாவைக் கேளுங்கம்மா, பாதிக் குளத்தை மட்டும் திரும்ப மூடித் தர முடியுங்களான்னு.’”